அந்தப் படிவத்தில் 'இனம்' என்றொரு கட்டம்



கடந்த நான்கு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு நாங்கள் ஏன் வரவில்லை என்று பலர் கேட்டுவிட்டீர்கள். சென்னையின் தெற்கு ஓரத்தில், கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் மக்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து கொட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒன்றில், நாய்களுக்கான இலவசக் கருத்தடை முகாம் நடக்கிறது. ஒரு தனியார் அறக்கட்டளை நடத்துகிறது. நாங்கள் ஏழு பேர் அதில் தன்னார்வலர்களாக இருக்கிறோம். நாயைத் தூக்குவது, எடை பார்ப்பது, படிவம் நிரப்புவது, மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, மூத்திரத்தைக் கழுவிவிடுவது. இவ்வளவுதான் எங்கள் வேலை.

"வேங்கைவயலுக்குப் போக ஆள் இல்லை, நாய்க்கு மட்டும் நேரம் இருக்கிறதா?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கோபம். 1927இல் மகத்தில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தியபோது, ஆடு மாடுகளும் நாய்களும் வாய் வைக்கலாம், தீண்டப்படாதோர் மட்டும் தொடக் கூடாது என்பதுதான் அந்தக் குளத்தின் வழக்கமாக இருந்தது. நாயைக் காட்டி நம்மை அளந்த வரலாறு இது. நாய் என்றதும் நம் ஆட்கள் முகம் சுளிப்பது வெறும் பழக்கத்தால் அல்ல. ஆனாலும் நாங்கள் போனோம், இனியும் போவோம். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கடி. தெருநாய்ப் பிரச்சினை என்று தொலைக்காட்சியில் விவாதம் நடக்கும்போது இரண்டு தரப்பைத்தான் உட்கார வைக்கிறார்கள். கேட் போட்ட குடியிருப்புகளின் நலச்சங்கம் ஒரு பக்கம், விலங்கு நல ஆர்வலர்கள் மறுபக்கம். 2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லி வட்டாரத்து நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22 அன்று அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநாய்க்கடி நோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக் கூடாது என்றது. அந்தப் பதினொரு நாளும் நாடே பேசியது. விடிகாலை நான்கரைக்குத் துடைப்பத்தோடு தெருவில் இறங்கும் தூய்மைப் பணியாளரை யாராவது கூப்பிட்டுக் கேட்டார்களா? இரவுப் பணி முடிந்து கடைசி பேருந்தில் இறங்கி நடந்து வரும் பெண்ணை? விளையாட மைதானம் இல்லாமல் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கோலி ஆடும் பிள்ளைகளை? எங்கள் குடியிருப்பில் குப்பை லாரி வராத நாட்கள்தான் அதிகம். குப்பை இருக்கும் இடத்தில் நாய் இருக்கும். நாய்க்குப் பெருக வயிறு நிறைந்தால் போதும். இரண்டே மாதச் சினை, ஆண்டுக்கு இரண்டு ஈற்று.

கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். எங்கள் பிளாக்குகளில் ஓடும் தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது என்பதை நீங்களே வந்து பாருங்கள். பிறகு ஊசி. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம், ஆனால் நான்கு நாள் கூலி போகும். மூன்றாவது ஊசியோடு நிறுத்திக்கொண்டவர்களை நாங்கள் நேரிலேயே பார்த்திருக்கிறோம். அறிகுறி வந்துவிட்டால் அந்த நோய்க்கு மருந்தில்லை. ஒரு வட்டாரத்து நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருத்தடைக்கு வரும் ஒவ்வொரு நாய்க்கும் அந்த ஊசியும் சேர்த்தே போடப்படுகிறது. ஆக, இது நம் பிள்ளைகளின் உடல்நலம் குறித்த வேலை. இதை நாய்மீது இரக்கப்படுகிறவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது.

இப்போது படிவத்துக்கு வருவோம்.

முதல் ஞாயிறு எங்கள் கையில் ஒரு கட்டுப் படிவம் கொடுத்தார்கள். எடை, பால், வயது, நிறம், முகவரி, இனம். ஏற்கெனவே நிரப்பிய பழைய படிவங்களை மாதிரிக்குக் காட்டினார்கள். 'இனம்' என்ற கட்டத்தில் வரிசையாக 'பரியா', 'பரியா', 'பரியா'. எங்களில் ஒரு தங்கை, இளங்கலை இரண்டாம் ஆண்டு படிப்பவள், பேனாவை மூடி வைத்துவிட்டாள். அறக்கட்டளைக்காரர் ஒருவர், நல்ல மனிதர்தான், "அது அறிவியல் பெயர்மா, உலகம் பூரா அப்படித்தான்" என்றார். அறிவியல் பெயர் இல்லை. பறையர் என்ற நம் மக்களின் பெயர் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், ஒதுக்கப்பட்டவர் என்ற பொதுச்சொல்லாகி, பிறகு வெள்ளைக்காரர்கள் தெருவில் திரிந்த நாய்க்கும் அதையே சூட்டினார்கள். யாருடையதும் அல்லாத நாய், எச்சில் தின்னும் நாய் என்பதற்கு அவர்கள் கண்ணில் பட்ட உவமை ஒரு சாதி. சுதந்திரத்துக்குப் பிறகும் நாய்ப் பிரியர்களின் சங்கங்களிலும் கால்நடை மருத்துவமனைப் படிவங்களிலும் அந்தச் சொல் பத்திரமாக இருக்கிறது. அதே படிவத்தில் ஒரு சிப்பிப்பாறை வந்தால் சிப்பிப்பாறை என்றே எழுதுகிறார்கள். ராஜபாளையத்துக்கும் கோம்பைக்கும் ஊர்ப் பெயர், கெளரவம். ஜமீன் வீட்டு முற்றத்தில் கட்டிய நாய்க்கு ஊர், சேரித் தெருவில் படுத்த நாய்க்குச் சாதி.

நாய்க்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென் மாவட்டங்களின் சில கிராமங்களில் தலித் மக்கள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற தடை இருந்ததைத் தீண்டாமை குறித்த கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. சேரி நாய் ஊர்த்தெருப் பெட்டை நாயோடு சேர்ந்துவிடக் கூடாதாம். அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி என்று 1916இலேயே அண்ணல் எழுதினார். அந்த விதியை நாய்க்கும் விதித்தவர்கள் நம் நாட்டார்கள். 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பி தண்டவாளத்தில் கிடந்ததைப் பார்த்து அழுத நமக்கு இது புதுச்செய்தி அல்ல. அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு கருத்தடை மேசைக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் வேறு மாதிரி உறைக்கிறது.

இதற்கிடையில் ஒரு சிரிப்பும் உண்டு. 2023இல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாயைச் 'சமூக விலங்கு' என்கின்றன. பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது எங்கள் தம்பி ஒருவன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "எந்தச் சமூகம் சார்?" என்று கேட்டான். கேட்டவர் கொஞ்ச நேரம் புரியாமல் நின்றார்.

அதே விதிகள் நாய்களுக்கு உணவு வைக்கும் இடத்தை ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கும் அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்துக்கும் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் கொடுக்கின்றன. எங்கள் பிளாக்குகளில் அப்படி மதிக்கப்படும் சங்கம் ஏது? விதி எழுதியவர்கள் மனக்கண்ணில் குடிமகன் என்றால் பால்கனி இருக்கிறது, காவலாளி இருக்கிறார்.

அடுத்தது முகவரிக் கட்டம். இதில்தான் எங்களுக்கு அடி விழுந்தது.

இந்த முகாமின் உயிரே, எங்கே பிடித்தோமோ அங்கேயே விடுவதில் இருக்கிறது. நாய்க்கு எல்லை உண்டு. அறுவை முடிந்து வயிற்றில் தையலோடு இருக்கும் பெட்டையை வேறு தெருவில் இறக்கினால் அங்குள்ள நாய்கள் குதறிவிடும். பக்கத்து கேட் போட்ட குடியிருப்பிலிருந்து வரும் நாய்க்குப் படிவத்தில் கட்டடப் பெயர், கோபுரம், எந்த கேட் என்பதுவரை எழுதியிருந்தது. எங்கள் பக்கத்து நாய்களுக்கு ஒரே வார்த்தை: 'ஹவுசிங் போர்டு'. நூற்றுக்கும் மேற்பட்ட பிளாக்குகள் உள்ள இடம் அது. இரண்டாம் ஞாயிறு அதைக் கவனிக்காமல் நாங்களும் அப்படியே எழுதினோம். ஆம், நாங்களும்தான்.

அன்று ஓர் அக்கா, மாநகராட்சி ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், ராணி என்ற வெள்ளைப் பெட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் வீட்டு நாய் இல்லை, படிக்கட்டுக்குக் கீழே படுக்கும் நாய். விடிகாலையில் வேலைக்குப் போகும்போது மெயின் ரோடு வரைக்கும் கூடவே வருமாம். "இது வந்தா வேற நாய் கிட்ட வராது பாப்பா. குடிச்சிட்டு நிக்கிறவனும் வரமாட்டான்" என்றார். அறுவை நல்லபடியாக முடிந்தது. நான்கு நாள் கூண்டில் வைத்து, காதில் அடையாள வெட்டோடு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். 'ஹவுசிங் போர்டு' என்று எழுதியிருந்ததால், வண்டி எந்த முனையில் நின்றதோ அந்த முனையில் இறக்கிவிட்டார்கள். அக்கா ஒரு வாரம் தேடினார். நாங்களும் தேடினோம். கிடைக்கவில்லை. "படிச்ச புள்ளைங்க எழுதுனீங்களே" என்று ஒரே ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாய் பிடிக்கும் அண்ணன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1996 வரை சென்னையில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது. அந்த ஆண்டில்தான் கொலையை விட்டுக் கருத்தடைக்கு மாறினார்கள். கொல்லப் பிடித்த காலத்திலும் காப்பாற்றப் பிடிக்கும் காலத்திலும் வலை யார் கையில் இருக்கிறது என்பதற்குத் தனி ஆய்வு வேண்டாம், வண்டிக்குப் பின்னால் போய்ப் பேரும் ஊரும் கேட்டால் போதும். எங்கள் முகாமுக்கு வரும் இரண்டு அண்ணன்களும் நம் மக்கள். தெருவில் வலை வீசும்போது காரை நிறுத்தி "கொலைகாரப் பாவிகளா" என்று கத்துவார்கள். நாயைப் பிடிக்காமல் திரும்பினால் மக்கள் திட்டுவார்கள். மேசையில் கத்தி பிடிப்பவருக்குக் கிடைக்கும் நன்றியில் கால்வாசிகூட வலை பிடிப்பவருக்கு வருவதில்லை.

எங்களைச் சேர்க்கும்போதே முன்கூட்டிய வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். சரியான விதி, நாயைக் கையாளும் எல்லாருக்கும் மருத்துவம் அதைத்தான் சொல்கிறது. நாங்கள் போட்டுக்கொண்டோம். ஐந்தாம் வாரம் டீ குடிக்கும்போது அண்ணன்களிடம் கேட்டோம். பெரியவர் சிரித்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய தழும்புகளைக் காட்டினார். "கடிச்ச பொறவு போட்டுருக்கேன் தம்பி, முன்னாடி எதுக்கு?" ஒப்பந்தக்காரர் அனுப்புகிறார், அறக்கட்டளை வண்டி வாடகை கொடுக்கிறது, யார் ஊசி போட வேண்டும் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார். மலக்குழி வேலையில் நாம் பார்த்துச் சலித்த அதே கைகாட்டல்தான்.

நம் தவறையும் மறைக்க வேண்டாம். மூன்றாம் முகாம் முடிவில் நாங்கள் எடுத்து முகநூலில் போட்ட குழுப் படத்தில் அந்த இருவரும் இல்லை. அறக்கட்டளை கூப்பிடவில்லை என்று சொல்லலாம். நாங்களும் கூப்பிடவில்லையே.

பிறகு நாங்கள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். இனம் என்ற கட்டத்தில் 'நாட்டு நாய்' என்று அச்சிட வேண்டும். முகவரியில் பிளாக் எண், படிக்கட்டு, நாயை அடையாளம் சொல்லக்கூடிய ஒருவரின் பெயர் வேண்டும். திரும்ப விடும்போது அந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அண்ணன்களுக்கு ஊசி போட்ட சான்று இல்லாமல் நாங்கள் முகாமில் நிற்க மாட்டோம். கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். "நீங்கள் எதிலும் அரசியல் பார்க்கிறீர்கள்" என்று ஒரு அம்மையார் வருத்தப்பட்டார். ஏழு பேர் இல்லாமல் முகாம் நடக்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு ஊசிக்கும் முகவரிக்கும் ஒப்புக்கொண்டார்கள். படிவம் ஏற்கெனவே அச்சடித்து மிச்சம் இருக்கிறதாம், தீரட்டும் என்றார்கள். இருக்கிற படிவங்களில் அந்தச் சொல்லை நாங்களே அடித்துவிட்டு எழுதுகிறோம். ஒரு முகாமுக்கு முப்பது முறை, கை வலிக்க.

பெரிய அண்ணனுக்கு முதல் ஊசி போட்டாயிற்று. சின்னவருக்கு வரும் வியாழன்.

அடுத்த முகாம் வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை ஏழு மணிக்கு. சமூகவியல், சமூகப்பணி படிக்கும் தம்பி தங்கைகள் குறைந்தது நான்கு பேர் தேவை. ஊசி போட்டுக்கொள்ளாமல் வர வேண்டாம், எங்கே போடுவது என்று நாங்கள் சொல்கிறோம். நாய் கொண்டுவருபவர்களிடம் முந்தைய இரவு பத்து மணிக்கு மேல் அதற்கு எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பழைய பெட்ஷீட், செய்தித்தாள் எவ்வளவு இருந்தாலும் கொண்டு வாருங்கள். வெள்ளை நிறம், வால் நுனி மட்டும் பழுப்பு, இடது முன்காலில் ஒரு வடு, காதில் வெட்டு உள்ள பெட்டையை அந்தப் பக்கம் எங்காவது பார்த்தால், எந்த பிளாக் என்று எழுதி வைத்துக்கொண்டு எங்களுக்குச் சொல்லுங்கள்.