உரிமம் எதற்குச் சான்று?

மாணவர்களே, பேரங்காடியிலுள்ள உடம்புப்பிடி நிலையங்களில், பாதத்தில் சிறுநீரகம், கல்லீரல், இதயம் என்று குறித்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1930களில் அதைப் பரப்பியவர் அமெரிக்கரான யூனிஸ் இங்கம். ஆனால், உள்ளங்காலின் ஒரு புள்ளியைச் சிறுநீரகத்தோடு நேராக இணைக்கும் தனி நரம்பு எதையும் உடற்கூற்றியல் காட்டவில்லை.

"உரிமம் உள்ள கடைதானே, டீச்சர்?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். ஊராட்சி மன்ற உரிமம் கடை நடத்தத்தான். அந்தப் படம் உண்மை என்பதற்குச் சான்று அல்ல. நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

அது மட்டும் போதாது என்பது என் கருத்து. நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குக் காயம் பட்டாலும் தெரியாது. காலின் ஆழ்சிரையில் இரத்தக் கட்டி இருந்தால், பிசையும்போது அது பெயர்ந்து நுரையீரல் இரத்தக்குழாயை அடைக்கக்கூடும். எனவே, இவற்றைக் கேட்டறிந்த பிறகே கால்மீது கை வைக்க வேண்டும் என்பதை உரிம நிபந்தனையாக்க வேண்டும்.

உடம்புப்பிடி அலுப்பைத் தணிக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், அடுத்த முறை தாத்தாவோடு செல்லும்போது, கடைக்காரர் கேட்காவிட்டாலும் அவருடைய நீரிழிவைப் பற்றி நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.