யாரும் செய்யலாம் என்றால், நீ ஏன் செய்யவில்லை?

கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்கு வருகிற பின்னேர பஸ்ஸில் முன் சீட்டுப் பையன் ஒருத்தன் போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டு வந்தான். சத்தத்தைக் குறைக்கவில்லை. திகனையிலிருந்து தெல்தெனிய வரைக்கும் பஸ்ஸே அதைப் பார்த்த மாதிரிதான். "அஞ்சே நிமிஷம், யாரும் செய்யலாம்" என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. எட்டிப் பார்த்தேன். வெங்காயம் வெட்டி ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. தேங்காய் துருவி இன்னொரு கிண்ணத்தில். பூண்டு உரித்தாகிவிட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீர், திருகினால் நெருப்பு. அந்த அக்கா செய்ததெல்லாம் கிண்ணங்களை ஒவ்வொன்றாகச் சட்டியில் கவிழ்த்ததுதான்.

அந்தக் கிண்ணங்களை நிரப்பினது யார்? அந்த நேரம் எந்தக் கணக்கில் போனது?

வீட்டுக்கு வந்தும் அது மண்டைக்குள்ளேயே இருந்தது. அடுத்த நாள் விடிய அம்மா எழும்பின சத்தம் கேட்டதும் போனில் நேரம் பார்த்தேன். நாலு பத்து. கம்பளியை விட்டு வெளியே வராமலே கணக்கெடுக்க ஆரம்பித்தேன் (இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்). பீலிக்குப் போய் இரண்டு நடை தண்ணீர், இருபது நிமிஷம். இரவு பெய்த மழையில் மிலாறு நனைந்திருந்தது, அடுப்பு பற்ற பத்து நிமிஷம். தேங்காய் துருவ பத்து. மா பிசைய பத்து. அம்மியில் சம்பல் அரைக்க பத்து. பிறகு ஐந்து பேருக்குப் பத்து ரொட்டி, அரை மணித்தியாலம். ஐந்து நாற்பதுக்குக் கடைசி ரொட்டி இறங்கியது. ஒரு ரொட்டி கல்லில் கிடந்தது மூன்று நிமிஷம்தான். வீடியோக்காரர்கள் காட்டுவது அந்த மூன்று நிமிஷத்தை. மிச்சம் எண்பத்தேழு நிமிஷத்துக்குப் பெயர் கிடையாது. அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி ஊற்றி, தங்கச்சிக்குத் தலை பின்னி, ரொட்டியைத் துணியில் சுற்றி, அம்மா பிரட்டுக்கு ஓடினார்.

மலையகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அவசரச் சாப்பாடு என்றால் ரொட்டியும் சம்பலும். ஆனால் அது எங்கள் பரம்பரைச் சாப்பாடு கிடையாது. தோட்டம் திறந்த காலத்தில் நிர்வாகம் கொடுத்தது அரிசி, கொடுத்ததைச் சம்பளத்தில் வெட்டிக்கொண்டார்கள். கோதுமை மா பின்னால் வந்தது. அமெரிக்கா 1954இல் பி.எல். 480 என்று ஒரு சட்டம் போட்டு, தன்னிடம் மிஞ்சிய தானியத்தை உலகமெல்லாம் அனுப்பியது. இலங்கைக்கு அது மாவாக வந்து இறங்கியது. 1973, 74இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏற, அரிசிப் பங்கீடும் வெட்டப்பட, தோட்டங்களில் ஆட்கள் பட்டினியில் செத்தார்கள். எங்கள் அப்பாயி இன்னும் அதைச் 'சிறிமா காலத்துப் பஞ்சம்' என்றுதான் சொல்வார். மரவள்ளித் தோலைக்கூட வீசவில்லை என்பார். 1980இல் திருகோணமலையில் பிரிமா மா ஆலை ஓட ஆரம்பித்தது. கூப்பன் கடையில், தோட்டக் கடையில், கடனுக்கு, சம்பளத்தில் கழிக்க என்று எல்லா வழியிலும் வீட்டுக்குள் வந்தது மா மூட்டைதான்.

ரொட்டி நிலைத்ததற்குக் காரணம் அது மலைக்கு ஏறும். தட்டு வேண்டாம், கறி சிந்தாது, கூடையோடு நின்றபடியே சாப்பிடலாம், மத்தியானம் வரை வயிறு கேட்காது. பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்து அடுத்த நிரைக்குப் போக வேண்டிய ஒரு தொழிலாளிக்காகவே அளந்து செய்த சாப்பாடு. யாருக்கு வேகம் தேவைப்பட்டது என்று இதிலிருந்தே தெரியும்.

இப்போது மேடைக்கு மேடை ஒரு பேச்சு வந்திருக்கிறது. தோட்டத்துப் பெண்களுக்குப் போசாக்குப் பற்றிய விழிப்புணர்வு இல்லையாம். பிள்ளைகளுக்குச் 'சுலபமான, சத்தான' உணவு செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17, தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32. அது உண்மை. ஆனால் அதற்கு மருந்து வண்ணக் கடுதாசியில் அடித்த சமையல் குறிப்பா? 2022 செப்டம்பரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9. அந்த மாதம் மா கிலோ நானூறு ரூபாய்க்குக் கிட்டப் போனது. 2024 செப்டம்பரில்தான் நாட்சம்பளம் 1,350 என்று வர்த்தமானி வந்தது. அதற்குப் பின்னால் தேங்காய் இருநூறு ரூபாயைத் தொட்டபோது எங்கள் வீட்டில் ஒரு தேங்காயை மூன்று நாளைக்குப் பிரித்தார் அம்மா. முட்டையும் கீரையும் நல்லது என்று அம்மாவுக்குத் தெரியும். அதை வாங்கிச் சமைக்கக் காசும் நேரமும் எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கடுதாசி சொல்லவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும். ஹுன்னஸ்கிரிய சந்தியில் திரும்பி மீமுரே போகிற வேன்களைப் பார்த்திருப்பீர்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள். எதற்கு வருகிறார்கள்? மலை பார்க்க, ஆற்றில் குளிக்க, அப்புறம் விறகடுப்பில் மண்சட்டியில் ஆக்கிய சோறு சாப்பிட. காசு கொடுத்து! அவர்களுக்கு மெதுவான சமையல் விடுமுறைச் சுகம். எங்கள் குசினிப் புகைக்குள் இருமிக்கொண்டு நிற்கிற ஆளுக்கு அது ஒரு நாளும் விடாத வேலை.

இது வரைக்கும் எழுதினதற்கு நீங்கள் எல்லாரும் தலையாட்டியிருப்பீர்கள். நிர்வாகம், அரசாங்கம், அமெரிக்கா, கொழும்புக்காரன். நல்லது. இனிமேல்தான் எனக்கும் உங்களுக்கும் சண்டை.

நம்ம தோட்டத்துப் பையன்கள் எத்தனை பேர் கொழும்பில் சாப்பாட்டுக் கடைகளில் நிற்கிறார்கள்? எனக்குத் தெரிந்தே ஏழு பேர். ஒருத்தன் கொத்து மாஸ்டர். இரண்டு தகட்டை வைத்து அவன் தட்டுகிற தாளத்தைக் கேட்டு ரோட்டில் போகிறவன் நின்று பார்ப்பான். பரோட்டாவுக்கு மா பிசைந்து, வீசி, மடித்து, இரவு ஒரு மணி வரைக்கும் நின்று வேலை செய்கிறவன். அவன் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் என்ன செய்கிறான்? ஸ்தோப்பில் உட்கார்ந்து, "அம்மா, தேத்தண்ணி" என்கிறான். காசு கொடுத்தால் சமைக்கத் தெரிந்த கை, வீட்டுப் படியேறினதும் முடமாகிவிடுகிறது. கேட்டால் "லீவுல வந்திருக்கேன்டா மச்சான்" என்பான். உன் அம்மாவுக்கு லீவு எப்போ மச்சான்?

அவனை மட்டும் சொல்லக் கூடாது. 2021இல் வந்த 'த கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளப் படத்தை நாங்கள் பத்துப் பேர் ஒரு நண்பன் வீட்டில் சேர்ந்து பார்த்தோம். சிங்க் குழாயில் ஒழுகுகிற அழுக்குத் தண்ணீர், மேசையில் துப்பி வைத்த முருங்கைச் சக்கை, கடைசியில் அந்தப் பெண் வெளியே நடக்கிற நடை. முடிந்ததும் ஒரு மணித்தியாலம் பேசினோம், ஆணாதிக்கம், குடும்பம், மதம் என்று. நடுவில் நண்பனுடைய அம்மா பத்துக் கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். எடுத்துக் குடித்துக்கொண்டே பேசினோம். வெற்றுக் கோப்பைகளை எடுத்துப்போனதும் அவர்தான். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான். பஸ்ஸில் பார்த்த அந்தக் கிண்ணங்கள்தான் இதை எனக்குத் திருப்பி ஞாபகப்படுத்தின. கம்பளிக்குள் கிடந்து அம்மாவின் நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தவனும் நான்தானே? கணக்கெடுக்க எழும்பத் தெரிந்தவனுக்குத் தண்ணி எடுக்க எழும்பத் தெரியவில்லை.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ஒரு புத்தகம் எழுதினார். வாஷிங் மெஷின், கேஸ் அடுப்பு என்று எத்தனையோ வந்தும் அங்கே வீட்டுத் தாய்மாரின் வேலை நேரம் குறையவில்லை என்பதுதான் அதன் சாரம். விறகு பிளப்பது, மா அரைக்க ஆலைக்குப் போவது போன்ற ஆண்கள் செய்த வேலைகளை மெஷின் எடுத்துக்கொண்டது. மிச்சமெல்லாம் பெண்ணிடமே தங்கியது. நம்ம லயத்துக்கு நாளைக்கே கேஸும் குழாயும் வந்தாலும் இதுதான் நடக்கும். நாலு பத்துக்கு எழும்புகிற அம்மா நாலே முக்காலுக்கு எழும்புவார். அப்பாவும் நானும் ஆறுக்குத்தான் எழும்புவோம்.

பதில் தயாராக இருக்கும் என்று தெரியும். "ஆம்பளைக்கு மலையில பாரமான வேலை." சரி, அம்மாவுக்கு? அதே மலை, அதே அட்டை, முதுகில் கூடை, பற்றாக்குறைக்குக் கிலோக் கணக்கு வேறு. "அம்மாவே விடமாட்டாங்க." இதில் உண்மை உண்டு. நான் முதல் நாள் மாவில் கை வைத்தபோது அம்மா கத்தினார்: "எந்திரிச்சுப் போடா, ஆம்பளப் புள்ள அடுப்படியில குந்துனா லயமே சிரிக்கும்." சிரித்தார்கள். பக்கத்துக் காம்பரா பெரியம்மா, "என்னா தம்பி, கலியாணம் பேசியிருக்கா?" என்று கேட்டார். மூன்று நாள் கேட்டார். நாலாம் நாள் கேட்கவில்லை. அவ்வளவுதான் அந்தச் சிரிப்பின் ஆயுள். அதற்குப் பயந்துதான் இருபத்து நாலு வருஷம் கம்பளிக்குள் கிடந்திருக்கிறேன்.

அதனால் நானும் ஒரு சமையல் குறிப்பு தருகிறேன், கிண்ணங்களோடு சேர்த்து. ஐந்து பேருக்கு ஒரு கிலோ மா, அரைத் தேங்காய், இரண்டு தேக்கரண்டி உப்பு. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாதே, கை ஒட்டாமல் வரும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. பிசைந்து மூடி வைத்துவிட்டு, அந்தக் கால் மணித்தியாலத்தில் சம்பலை அரை. உள்ளங்கையால் தட்டி, கல் நன்றாகச் சூடான பிறகு போடு. அவசரப்பட்டால் உள்ளே மா மாவாகவே இருக்கும், என்னுடைய முதல் ஐந்தும் அப்படித்தான். அப்பா ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். பின்னேரத்துக்கு மரவள்ளி என்றால் சட்டியை மூடாமல் அவி, அவித்த தண்ணியைக் கொட்டிவிடு, தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல். நெருப்பே வேண்டாம் என்றால் வல்லாரை. கழுவிப் பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு, தேசிப்புளி. இது நிஜமாகவே பத்து நிமிஷம், வரப்போரம் போய்ப் பறிக்கிற நேரம் தனி. சாப்பிட்ட பிறகு சட்டி கழுவுவதும் குறிப்பில் சேரும். அம்மியையும் கழுவு. எந்த வீடியோவிலும் அம்மி கழுவி நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் செய்து படம் எடுத்துப் போடுகிற வேலை வேண்டாம். கிழமையில் இரண்டு நாள் உன் பெயரில் எழுது, அப்பாவுக்கு ஒரு நாள். அந்த நாளில் தண்ணியும் விறகும் உன் பொறுப்பு, "உப்பு எங்கேம்மா" என்று கூப்பிடாதே, தேடு. நாளைக்கு உன் முறை என்றால் மிலாறை இன்றைக்கு இரவே உள்ளே எடுத்து வை. நக்கிள்ஸ் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது, விடிய மழை இருக்கும்.