கிரிப்டோ நாணயம்: வாங்கியது நம் கைக்கு வந்துவிட்டதா?

2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய ஓர் உத்தரவை, கைப்பேசியில் கிரிப்டோ செயலி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். கிரிப்டோ நாணயம் அரசு வெளியிடும் பணம் அல்ல என்றாலும், அது சட்டத்தின் பார்வையில் ஒரு சொத்து என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அதில் கூறினார். அதை ஒருவர் உடைமையாக வைத்திருக்கலாம். இன்னொருவரிடம் அமானிதமாக ஒப்படைக்கவும் செய்யலாம்.

வழக்கு உருவான பின்னணி இது. 2024 ஜூலை 18 அன்று வாஸிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் இணையத் திருட்டு நடந்தது. சுமார் 23 கோடி டாலர், அதாவது ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் பறிபோயின. உடனே எல்லா வாடிக்கையாளர்களின் கணக்குகளும் முடக்கப்பட்டன. திருடுபோனவை எத்தீரியம் வகையைச் சேர்ந்த நாணயங்கள். வழக்குத் தொடுத்த பெண் வைத்திருந்ததோ எக்ஸ்ஆர்பி என்ற வேறு நாணயம். இருந்தும், ஏற்பட்ட நட்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் பங்கிட்டுச் சுமக்க வேண்டும் என்பதே நிறுவனத்தின் திட்டம். என் பொருள் திருடுபோகவில்லை, பிறகு ஏன் நான் இழக்க வேண்டும் என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது.

ஆறுதலான உத்தரவுதான். ஆனால் அந்த நிலைக்கு வர அவர் ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. திரையில் நாணயத்தின் எண்ணிக்கையும் தொகையும் தெரிந்துகொண்டே இருந்தன; எடுக்க மட்டும் வழியில்லை. புதிதாக இதில் இறங்கும் நம் பிள்ளைகள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். விலை ஏறுமா இறங்குமா என்ற கேள்வி அதற்குப் பிறகு வருவது. நாம் வாங்கியது யார் கையில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

வாங்கும்போது என்ன நடக்கிறது?

பிட்காயின் 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. மொத்தம் 2.1 கோடி பிட்காயின்களுக்கு மேல் உருவாக முடியாதபடி அதன் நிரல் எழுதப்பட்டுள்ளது. ஒரு பிட்காயினை 10 கோடி கூறுகளாகப் பிரிக்கலாம் என்பதால், நூறு இருநூறு ரூபாய்க்குக்கூட வாங்க முடிகிறது. எந்த வங்கியும் இதன் கணக்கை எழுதுவதில்லை. உலகெங்கும் உள்ள கணினிகள் ஒரே பேரேட்டைப் பகிர்ந்து வைத்திருக்கின்றன. அதுதான் பிளாக்செயின்.

இந்தியாவில் ஒருவர் ஒரு எக்ஸ்சேஞ்சில் பான் கார்டு, ஆதார் கொடுத்துக் கணக்குத் திறக்கிறார். வங்கியிலிருந்து பணம் போட்டு, ஐயாயிரம் ரூபாய்க்கு பிட்காயின் வாங்குகிறார். செயலியில் உடனே அது தெரிகிறது. ஆனால் பிளாக்செயின் பேரேட்டில் பெரும்பாலும் எதுவும் மாறியிருக்காது. அந்த நாணயம் எக்ஸ்சேஞ்சின் பெட்டகத்திலேயே இருக்கிறது. நமக்கு இவ்வளவு தர வேண்டும் என்று அந்நிறுவனம் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நாணயம் உண்மையில் நம் வசம் வர வேண்டுமானால், அதை நம் சொந்த வாலட்டுக்கு மாற்ற வேண்டும். வாலட்டைத் தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் தரப்படும். அந்தச் சொற்கள்தான் சாவி. அவற்றை வைத்திருப்பவரே நாணயத்தின் உரிமையாளர். மறந்தால் மீட்டுத்தர எந்த வாடிக்கையாளர் சேவை மையமும் கிடையாது. மற்றவர் பார்த்துவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். எனவே அதைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்து வைக்கக் கூடாது.

சில செயலிகள் நாணயத்தை வெளி வாலட்டுக்கு மாற்றவே அனுமதிப்பதில்லை. பணம் போடும் முன்பே இதை விசாரித்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது நெட்வொர்க்கையும் சரிபார்க்க வேண்டும். யுஎஸ்டிடி போன்ற ஒரே நாணயம் டிரான், எத்தீரியம் எனப் பல நெட்வொர்க்குகளில் ஓடுகிறது. தவறான நெட்வொர்க்கில் அனுப்பினால் பணம் திரும்பாமலே போகலாம். முதலில் சிறு தொகையை அனுப்பி, வந்து சேர்ந்ததை உறுதி செய்த பிறகு மீதியை அனுப்புவதே அறிவுடைமை.

விற்பதிலும் இதே முறைதான். மார்க்கெட் ஆர்டர் கொடுத்தால் அப்போதைய விலைக்கு உடனே விற்றுவிடும். லிமிட் ஆர்டர் கொடுத்தால் நாம் குறித்த விலை வரும்வரை காத்திருக்கும். வாங்குவோர் குறைவாக உள்ள சிறு நாணயங்களில், திரையில் காணும் விலைக்கும் கையில் கிடைக்கும் விலைக்கும் பெரிய இடைவெளி இருக்கும். புதிய எக்ஸ்சேஞ்சில் கணக்குத் திறப்பவர், ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, விற்று, அந்தப் பணத்தை வங்கிக்குத் திரும்பக் கொண்டுவந்து பார்க்கட்டும். அது ஒழுங்காக நடந்த பிறகுதான் அடுத்த ரூபாயைப் போட வேண்டும்.

சட்டமும் வரியும்

கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிகள் துணைபோகக் கூடாது என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இன்று இந்தியாவில் வாங்குவதும் விற்பதும் குற்றமல்ல; ஆனால் அது செல்லுபடியாகும் நாணயமும் அல்ல. 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டு, மத்திய நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும் என்றானது. நாம் பயன்படுத்தும் எக்ஸ்சேஞ்ச் அங்கே பதிவு பெற்றதா என்று பார்ப்பது குறைந்தபட்சக் கடமை. பதிவு இருப்பது நம் பணத்துக்கு உத்தரவாதம் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. வங்கி வைப்புக்கு இருக்கும் 5 லட்ச ரூபாய் காப்பீடு இதற்கு இல்லை.

வரியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதன் மீது 4 சதவீத செஸ்ஸும் உண்டு. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 1,00,000 ரூபாய்க்கு பிட்காயின் வாங்கி 1,40,000 ரூபாய்க்கு விற்கிறார். லாபம் 40,000. அதே ஆண்டில் வேறொரு நாணயத்தில் 40,000 ரூபாய் இழக்கிறார். அவர் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. ஆனால் முதல் லாபத்துக்கு 12,000 ரூபாய் வரி, 480 ரூபாய் செஸ், ஆக 12,480 ரூபாய் கட்டியே ஆக வேண்டும். தினமும் வாங்கி விற்கும் இளைஞன், ஆண்டு முடிவில் நட்டத்தோடு வரியும் கட்டும் நிலைக்கு இப்படித்தான் வருகிறான். 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படுவதால், இந்த வியாபாரம் வருமான வரித் துறைக்குத் தெரியாமல் போகாது. ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் விற்பனையாகவே கருதப்படும்.

வளைகுடாவில் உழைக்கும் சகோதரர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் ஒரு தனி எச்சரிக்கை. நல்ல விலை கிடைக்கிறது என்று யுஎஸ்டிடி வாங்கி ஊருக்கு அனுப்பி, முகம் தெரியாத ஒருவரிடம் விற்று ரூபாயாக்கும் வழக்கம் பரவி வருகிறது. இது பழைய உண்டியலின் புதிய வடிவம். வாங்குபவர் நம் வங்கிக் கணக்கில் போடும் பணம் எங்கோ நடந்த மோசடியில் வந்ததாக இருந்தால், சைபர் கிரைம் போலீசார் நம் கணக்கையும் முடக்குவார்கள். வீட்டுச் செலவுக்கும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் வைத்திருந்த பணம் அதோடு சேர்ந்து நின்றுவிடும். இலங்கையில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: கிரிப்டோ வாங்க டெபிட், கிரெடிட் கார்டுகளைப் பயன்படுத்த அந்நாட்டு அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை.

மார்க்கத்தின் பார்வை

இதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த ஷவ்கி அல்லாம், 2018 ஜனவரியில் பிட்காயின் வியாபாரம் கூடாது என்று ஃபத்வா வெளியிட்டார். இந்தோனேசியாவின் உலமா சபை 2021 நவம்பரில், நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றும், நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தெளிவான பயனுள்ள சொத்தாக இருந்தால் வியாபாரம் செய்யலாம் என்றும் கூறியது. மலேசியப் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரீஆ ஆலோசனைக் குழு 2020இல், பதிவு பெற்ற தளங்களில் முதலீடு செய்வதை அனுமதித்தது. நாம் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவெடுப்பதே முறை.

ஆனால் அனுமதிப்பவர்களிலும் பெரும்பாலோர் தவிர்க்கச் சொல்லும் சில உண்டு. கடன் வாங்கிப் பந்தயம் கட்டும் ஃபியூச்சர்ஸ், லெவரேஜ் வியாபாரம் அதில் ஒன்று. நாணயத்தைப் பூட்டி வைத்தால் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் நிச்சயம் என்று சொல்லும் திட்டங்கள் இன்னொன்று. நம் கைவசம் இல்லாததை விற்கக் கூடாது என்ற வணிக ஒழுங்கு, செயலியில் தெரியும் வெறும் எண்ணை வைத்து விளையாடுபவர்களையும் யோசிக்க வைக்க வேண்டும்.

ஹலால் காயின் என்ற பெயரைக் கண்டதும் நம்பிவிடுவோரும் இருக்கிறார்கள். பெயர் ஒரு பொருளை ஹலாலாக்கிவிடாது. 2014இல் தொடங்கிய ஒன்காயின், உலகெங்கும் சுமார் 400 கோடி டாலரைச் சுருட்டியது. அதற்குப் பின்னால் உண்மையான பிளாக்செயினே இருக்கவில்லை. ஆள் சேர்த்தால் கமிஷன் என்பதுதான் அதன் வியாபாரம். அதன் இணை நிறுவனருக்கு 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் 20 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஊரில், ஜமாஅத்தில் மதிப்புள்ள ஒருவர் வழியாக இத்தகைய திட்டங்கள் நுழையும்போது கேள்வி கேட்கவே கூச்சப்படுகிறோம். லாபத்தை எடுக்க வேண்டுமானால் முதலில் வரி கட்டு, கட்டணம் கட்டு என்று மேலும் பணம் கேட்டால் அது மோசடி என்று முடிவு செய்துவிடலாம். ஏமாந்தது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

கணக்கு எழுதுங்கள்

கிரிப்டோவைக் கண்காணிப்பது என்றால் விலை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பிட்காயின் 2021 நவம்பரில் 69,000 டாலர் அருகே இருந்தது. ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. 2025 அக்டோபரில் 1,26,000 டாலரைத் தொட்டு, அடுத்த மாதமே 90,000 டாலருக்குக் கீழே வந்தது. இந்த ஏற்ற இறக்கத்தை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதால் எதுவும் மாறாது. தூக்கமும் ஃபஜ்ரும்தான் போகும்.

தேவையானது ஒரு நோட்டுப் புத்தகம். வாங்கிய தேதி, நாணயம், அளவு, ரூபாய் விலை, கட்டணம், பிடிக்கப்பட்ட டிடிஎஸ், இப்போது எந்த எக்ஸ்சேஞ்சில் அல்லது எந்த வாலட்டில் இருக்கிறது என்பதை எழுதி வையுங்கள். நாணயத்தை இடம் மாற்றினால் அதன் பரிவர்த்தனை எண்ணையும் குறியுங்கள். பிளாக்செயின் பேரேடு பொதுவானது என்பதால், அந்த எண்ணைக் கொண்டு நாணயம் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் சரிபார்க்கலாம். எக்ஸ்சேஞ்ச் தரும் அறிக்கையை மாதம் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் மூடப்பட்டால் நமக்கு மிஞ்சும் சான்று அதுதான்.

இந்த நோட்டு வருமான வரிக்கு மட்டும் உதவுவதில்லை. இதை வியாபாரப் பொருளாகக் கருதும் அறிஞர்களின் கருத்துப்படி, நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைவடைந்தால் அந்நாளைய சந்தை மதிப்பில் இரண்டரை சதவீதம் ஜகாத் உண்டு. எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாதவர் அதை எப்படிக் கணக்கிடுவார்?

அதைவிட முக்கியமானது, வைத்திருப்பவர் மவ்த்தாகிவிட்டால் என்ன ஆகும் என்பது. நிலத்துக்குப் பத்திரம் இருக்கிறது, நகை பீரோவில் இருக்கிறது, வங்கி நாமினியிடம் கேட்கும். வாலட்டில் இருக்கும் நாணயமோ அந்தச் சொற்கள் தெரியாமல் யாருக்கும் திறக்காது. கணவர் கிரிப்டோ வைத்திருந்ததே மனைவிக்குத் தெரியாவிட்டால், அவருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உரிய பங்கு யாருக்கும் கிடைக்காமல் போய்விடும். அதை வாங்கக் கைமாற்று வாங்கியிருந்தால் கடன் மட்டும் குடும்பத்தின் தலையில் விழும்.

எனவே வீட்டில் யாராவது கிரிப்டோ வைத்திருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். எவ்வளவு, எங்கே, யாருடைய பணம் என்று கேளுங்கள். சாவிச் சொற்களை உறையிலிட்டு எங்கே வைத்திருக்கிறோம் என்பதை நம்பிக்கையான ஒரு வாரிசிடம் சொல்லி வையுங்கள். குடும்பத்திடம் சொல்லத் தயங்கும் அளவுக்கு ஒரு தொகை அதில் போயிருந்தால், மேலும் போடுவதை இன்றே நிறுத்த அந்தத் தயக்கமே போதுமான காரணம்.