எம்1 கேரண்ட்: பாகங்கள் பொருந்தினாலே 'ஒரிஜினல்' ஆகிடுமா?

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க வீரர்கள் ஏந்திய எம்1 கேரண்ட் துப்பாக்கிக்கு சேகரிப்பாளர்களிடம் தனி மவுசு. 'எல்லாமே ஒரிஜினல் பாகம்' என்றால் விலை எகிறும். அதை எப்படி நம்புவது?

சிக்கல் எங்கே?

போர்க்காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட், வின்செஸ்டர் ஆலைகளில் சுமார் 40 லட்சம் கேரண்ட்கள் தயாராகின. ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தும். போருக்குப் பிறகு ராணுவப் பணிமனைகளில் இவற்றைக் கழற்றி, கைக்குக் கிடைத்த பாகங்களைப் போட்டு சீரமைத்தார்கள். எனவே, ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பது அபூர்வம்.

எதைப் பார்க்கணும்?

* சீரியல் எண்: ரிசீவரில் மட்டுமே இருக்கும். துப்பாக்கி தயாரான காலத்தைக் காட்டும்.

* பேரல்: ஸ்பிரிங்ஃபீல்ட் பேரலில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். 1943 ரிசீவரில் 1952 பேரல் இருந்தால், மாற்றியது உறுதி.

* போல்ட், டிரிகர் ஹவுசிங்: இவற்றில் வரைபட எண் இருக்கும். வடிவமைப்பு மாறியபோது அதுவும் மாறியது.

* மரக்கட்டை: ஆய்வு முத்திரையைப் பாருங்க. போலி முத்திரையும் குத்துகிறார்கள், உஷார்!

எல்லாம் பொருந்தினா?

அப்பவும் அவசரப்படாதீங்க. அந்தக் காலத்துப் பாகங்களையே தேடிப்பிடித்து, பின்னாளில் யாரோ மாட்டியிருக்கலாம். சேகரிப்பாளர்கள் இதை 'கரெக்ட்' என்பார்கள். 'ஒரிஜினல்' என்பது வேறு. எல்லா பாகங்களிலும் தேய்மானமும் நிறமும் ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியத் தடயம்.

சீரமைத்த துப்பாக்கியை வாங்குவது தப்பில்லை. அதற்கு 'ஒரிஜினல்' விலை கொடுப்பதுதான் நஷ்டம்.