பெயருக்கு என்ன விலை?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டால் போதும். ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வட்டாரத்து இல்லங்களில் உப்பளக் காற்றோடு ஒரு கவலையும் சேர்ந்து வீசத் தொடங்கிவிடும். பிள்ளையை எங்கே சேர்ப்பது?

அண்மையில் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். ஆறுமுகநேரியில் சிறு கடை நடத்தும் சகோதரர் ஒருவர் இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்று, சென்னைப் பக்கத்துத் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் சேர்க்கைக் கடிதம். மற்றொன்று, மகனின் மதிப்பெண் பட்டியல். அரசுக் கலந்தாய்வில் திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரியை எதிர்பார்க்கத்தக்க மதிப்பெண்கள். ஆனால் கலந்தாய்வுக்கு நாளிருக்கிறது. தனியார் நிறுவனமோ பத்து நாளில் முதல் தவணையைக் கேட்கிறது. வங்கிக் கடன் வாங்குவதா, மனைவியின் நகையை விற்பதா என்று கேட்டவர், “நாலு பேர் கேட்டால் சொல்லிக்கொள்ளும்படி இருக்க வேண்டாமா?” என்றும் சேர்த்துக்கொண்டார்.

நகையை விற்றுப் படித்தவர் உயரவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். இராமேசுவரத்து அப்துல் கலாம் 1950களில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தமக்கை ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைக்கக் கொடுத்தார். தம் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பதென்று தம்பி உறுதி பூண்டார். அந்நாளில் அது தனியார் நிறுவனமே. 1978இல்தான் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஆனால் வானூர்திப் பொறியியல் பயில அன்று இம்மாநிலத்தில் வாய்ப்புகள் மிகச் சிலவே. அவர் ஒரு படிப்புக்காகச் செலவழித்தார். ஊரார் மெச்சும் பெயருக்காக அன்று.

இன்னொரு சான்று நமக்கு அருகிலேயே உண்டு. செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அவர்கள் பொறியியல் பயின்றது திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரியில். 1987இல் இஸ்ரோவில் சேர்ந்த அச்சகோதரியே, 2023 செப்டம்பர் 2இல் சூரியனை ஆய்வு செய்ய ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்தவர். அவருடைய உயர்வுக்கு விலையுயர்ந்த பெயர்ப்பலகை தேவைப்படவில்லை.

பொறியியல் மட்டுமே கல்வியன்று என்பதையும் மறவாதீர்கள். 1990இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ், பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியும் காயல்பட்டினம் வாவு வஜீஹா வனிதையர் கல்லூரியும் நம் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன.

சில செய்திகளை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருத்தல் நலம். 2007 முதல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு உள்ள 3.5 விழுக்காடு ஒதுக்கீடும், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகையும் அரசுக் கலந்தாய்வு வழியே சேர்வோர்க்குக் கிடைப்பவை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாமே நடத்தும் சேர்க்கையில் அவற்றை எதிர்பார்க்க இயலாது. அரசுப் பள்ளியில் பயின்ற பிள்ளைக்கு, 2021 முதல் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் உண்டு. தனியார் நிறுவனத்தில் பணம் கட்டிவிட்டீர்களா? அசல் சான்றிதழ்களை அவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது. விலகும் காலத்திற்கேற்பக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. எனவே அவசரப்படுத்துவோர் முன் அஞ்ச வேண்டியதில்லை.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். தனியார் படிப்புக்கு ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் கூடுதல் என்று கொண்டால், நான்காண்டில் 8 இலட்சம். அதை வங்கியில் வாங்கினால் அதன்மேல் வட்டி. வட்டியை மார்க்கம் எவ்வளவு கடுமையாகத் தடுத்துள்ளது என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அரசின் வழி திறந்திருக்கையில், ‘வேறு வழியில்லை’ என்று எந்த நாவால் சொல்வோம்?

தனியார் கல்லூரி எல்லாம் வீண் என்பது என் கருத்தன்று. முழு உதவித்தொகை கிடைத்தாலோ, கடனின்றிக் கட்ட வசதியிருந்தாலோ, விரும்பிய படிப்பு வேறெங்கும் இல்லையென்றாலோ தாராளமாகச் சேர்க்கலாம். அரசுக் கல்லூரியென்றாலும் ஆசிரியர்கள், ஆய்வுக்கூடம், பாடப்பிரிவு ஆகியவற்றை விசாரித்தே சேர்க்க வேண்டும். உண்மையாகவே பணமின்றித் தவிக்கும் பிள்ளைக்கு வட்டியில்லாத அழகிய கடன் கொடுத்து உதவுவது ஜமாஅத்தின், வசதி படைத்தோரின் கடமை. திருமண விருந்துக்கு இலட்சங்களை இறைக்கும் நம் சமுதாயத்திற்கு இது இயலாததா?

அச்சகோதரரிடம் நான் ஒன்றே கேட்டேன்: “மகன் என்ன சொல்கிறான்?” அவர் சற்றுநேரம் பேசவில்லை. அதுவரை அவனிடம் கேட்கவே இல்லையாம்.

மறுநாள் மகனையும் அழைத்து வந்தார். பிள்ளை தலைகுனிந்தபடியே சொன்னான்: “உம்மாவின் நகையெல்லாம் எனக்கே போய்விட்டால், தங்கச்சி படிக்கவேண்டாமா வாப்பா? அவள் என்னைவிட நன்றாகப் படிக்கிறாள்.”

வாப்பாவின் கண்கள் கலங்கின. சேர்க்கைக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கலந்தாய்வு வரை காத்திருப்பதென்று முடிவு செய்தார். இருவரையும் இஸ்திகாரா தொழுது அல்லாஹ்விடம் நன்மையை வேண்டுமாறு சொல்லி அனுப்பினேன்.

நம் இல்லங்களிலும் மஷூரா நடக்கட்டும். அதில் பிள்ளைக்கும் ஓர் இடம் இருக்கட்டும். அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.