சூட்டு வலியாம், வெங்காயம்!

போன மாசம் ஆபிஸ்ல ஆணி புடுங்கிட்டு இருக்கறப்ப ஊர்ல இருந்து அத்தை போன். "மாமனுக்கு நேத்து ராத்திரி இருந்து வயித்து வலி சாமி. காத்தால கொஞ்சம் தேவலைன்னாரு, இப்ப மறுபடியும் முடியலைங்கறாரு."

ராத்திரி பத்து மணிக்குக் கத்தி சொருகின மாதிரி வலி. மொதல்ல வாயுன்னு சோடா. அப்புறம் சூட்டு வலின்னு தொப்புள்ல வெளக்கெண்ணெய். விடிஞ்சதும் கொடலேத்தம் தட்டற ஆளைக் கூட்டியாந்து வயித்தை நீவி விட்டிருக்காங்க. ஓட்டை விழுந்த வயித்தைங்க! நெனைச்சா இன்னும் பத்திக்கிட்டு வருது.

சோமனூர்ல இருந்து கோயமுத்தூர் முக்கால் மணி நேரம். அவினாசி ரோட்டுல ரெண்டு பக்கமும் ஆஸ்பத்திரிதான். ஆனா மாமன் வந்து சேர்றதுக்குப் பதினெட்டு மணி நேரம் ஆச்சு. வயிறு பலகையாட்டம் கெட்டியா இருந்துச்சு. நிக்க வெச்சு எடுத்த எக்ஸ்ரேல உதரவிதானத்துக்குக் கீழ பிறை மாதிரி காத்து. குடலுக்குள்ள இருக்க வேண்டிய காத்து வெளிய வந்துருச்சு. முன்சிறுகுடல்ல அல்சர் பொத்துக்கிச்சு.

இதுக்கான ஆபரேஷன் ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லீங்க. குடல் மேல போர்வை மாதிரி தொங்கற கொழுப்புத் திரையை இழுத்து ஓட்டை மேல வெச்சுத் தெச்சுட்டு, வயித்தை லிட்டர் கணக்குல சலைன் ஊத்திக் கழுவறாங்க. 1937ல டொரண்டோ சர்ஜன் ராஸ்கோ கிரஹாம் எழுதின முறைதான், கொஞ்சம் மாத்தி இன்னிக்கும் ஓடுது. ஆளைக் கொல்றது ஓட்டை இல்லை, தாமதம். ஆசிட், பித்தநீர், தின்ன சோறு எல்லாம் வயித்தறையில கொட்டிக் கிருமி ரத்தத்துல ஏறிட்டா, கிட்னியில இருந்து ஒவ்வொண்ணா மக்கர் பண்ணும். நடுவுல சில மணி நேரம் வலி கொறைஞ்ச மாதிரி வேற ஏமாத்தும். மாமன் காத்தால 'தேவலை'ன்னது அதுதான்.

சரி, அல்சர் எப்படி வந்துச்சு? தறிக்குடோன்ல நின்னு நின்னு முழங்கால் வலி. பக்கத்து மருந்துக்கடையில டைக்ளோஃபினாக்கை ரெண்டு ரெண்டா வெட்டிக் குடுப்பாங்க, வெறும் வயித்துல முழுங்குவாரு. வருசக்கணக்கா! அந்த மாத்திரை, வலியைத் தூண்டற புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்குது. அதே சரக்குதான் வயித்தோட உள்பூச்சையும் காப்பாத்துது. டாக்டர் சீட்டில்லாம விக்கக் கூடாத ஷெட்யூல் எச் மருந்து அது, அட்டையிலயே போட்டிருக்கும். (நம்ம பொட்டி தட்டற கோஷ்டி மட்டும் ஒழுங்கா? அலாரம் அடிச்சா ம்யூட் பண்ற ஆளுங்கதானே.)

சொந்தக்காரங்க கண்டுபுடிச்ச காரணம் என்ன தெரியுமா? ஊறுகாய்! பேரி மார்ஷல் 1984ல ஹெலிகோபாக்டர் கிருமியைத் தானே குடிச்சு வயித்துல அழற்சியை வரவெச்சுக் காட்டி, 2005ல ராபின் வாரனோட நோபல் பரிசும் வாங்கிட்டாரு. அந்தக் கிருமியும் இந்த மாத்திரைகளுந்தான் அல்சருக்கு முக்கியக் காரணம். நாம இன்னும் ஊறுகாய் பாட்டிலை ஒளிச்சு வெக்கறோம்.

"இங்கிலீஷ் டாக்டருங்க காசுக்குத்தான் கத்தி வெக்கறாங்க"ன்னு ஒரு சித்தப்பா ஆஸ்பத்திரி வாசல்லயே ஆரம்பிச்சாரு. கொள்ளை அடிக்கறவங்க இருக்காங்க, ஒத்துக்கறேன். அதுக்காகப் பொத்துக்கிட்ட குடலைக் கஷாயம் தெச்சுடுமா? காசுதான் பயம்னா கோவை ஜி.எச். இருக்கு. 2008ல இருந்து 108 ஓடுது. வெளக்கெண்ணெய் தேடற நேரத்துல அந்த மூணு நம்பரை அழுத்தியிருக்கலாம்.

மாமன் பதினோரு நாள் ஐசியூல கெடந்து பொழைச்சு வந்துட்டாரு. போன ஞாயித்துக்கெழமை அந்த மருந்துக்கடைக்காரர் ஹார்லிக்ஸ் பாட்டிலோட பார்க்க வந்தாரு. அத்தை காப்பி வெச்சுக் குடுத்துச்சு. நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேனுங்க.