ஆசிரியர் கையில் இருக்கும் செல்போன் யாருக்காக?



ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தோம் என்று சுவரில் கல் பதிக்கிறோம். திறப்பு விழா நடத்துகிறோம். பொன்னாடை போர்த்துகிறோம். பத்திரிகைக்குப் படம் அனுப்புகிறோம். அந்தக் கம்ப்யூட்டரில் அடுத்த மாதம் எந்த வகுப்புக்கு என்ன பாடம் நடந்தது என்று நம்மில் யாராவது போய்க் கேட்டதுண்டா? கேட்க மாட்டோம். பெட்டியைக் கொடுத்ததோடு நம் சேவை முடிந்து விட்டது. பிள்ளை படித்ததா இல்லையா என்பது வேறு யாருடைய கவலையோ!

அரசாங்கமும் நம்மைப் போலத்தான் கணக்குப் போடுகிறது. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. 2018 முதல் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023 ஜூலையில் மணற்கேணி செயலி வந்தது. பிறகு 22,931 தொடக்கப் பள்ளி வகுப்பறைகளைத் திறன்மிகு வகுப்பறைகளாக்கும் திட்டமும், ஏறத்தாழ 80 ஆயிரம் ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி தரும் திட்டமும் வந்தன. நல்லது. யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் ஒன்று விடுபட்டிருப்பதைக் கவனித்தீர்களா? இவ்வளவையும் வைத்துப் பாடம் நடத்த வேண்டிய ஆசிரியருக்கு நேரம் எங்கே? பயிற்சி எங்கே?

பெட்டி மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் சாட்சி இருக்கிறது. தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று கிராமத்துப் பள்ளிகளில் வாரி வழங்கினார்கள். 319 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் எண்ணிக்கை பல மடங்கு கூடியிருந்தது. கணக்குப் பாடத்திலும் வாசிப்பிலும் பிள்ளைகள் ஒரு படி கூட ஏறவில்லை! ஆசிரியரை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் அனுப்பியதன் பலன் இதுதான்.

குமாஸ்தா ஆக்கப்பட்ட ஆசிரியர்

தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை, சங்கரன்கோவில் என்று எந்த ஊரிலாவது அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தனியே அழைத்துக் கேளுங்கள்: “சார், உங்கள் செல்போனை எதற்கு அதிகம் பயன்படுத்துகிறீர்கள்?” பாடம் நடத்த என்று சொல்ல மாட்டார். வருகைப் பதிவு, பிள்ளைகளின் விவரம், நலத்திட்டப் பொருள்களின் கணக்கு, இன்ன பயிற்சியை முடித்தீர்களா என்ற கேள்வி என்று வரிசையாகச் சொல்வார். எமிஸ் என்று ஒரு சொல்லைச் சொன்னால் போதும், ஆசிரியர் முகம் வாடிப்போகும்!

இது நாம் கட்டிவிடும் கதை அல்ல. 2023-இல் தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜேக் போராட்டம் அறிவித்தபோது, எமிஸ் பதிவு வேலையிலிருந்து ஆசிரியர்களை விடுவியுங்கள் என்பது முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. பேச்சுவார்த்தையில் அரசும் அதை ஒப்புக்கொண்டது. அந்தச் சுமை முழுதாக இறங்கியதா, அரைகுறையாக நிற்கிறதா என்பதை உங்கள் ஊர் ஆசிரியரிடமே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் சொந்தக் காசில் வாங்கிய போன். சொந்தக் காசில் போட்ட டேட்டா. அதில் அலுவலகத்துக்குக் கணக்கு எழுதுகிறார். சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் அலைகிறார். உள்ளே நாற்பது பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் கல்வியில் தொழில்நுட்பமா?

ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக மலை ஏறினால் ஆரியங்காவு. அது கேரளம். 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தான். ஒரே மலை, ஒரே மழை. ஆனால் பள்ளிக்கூட விஷயத்தில் அவர்கள் போன பாதை வேறு.

2001-இல் ஐடி@ஸ்கூல் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து கம்பெனிக்காரர்களை இறக்கவில்லை. பள்ளி ஆசிரியர்களிலேயே ஆர்வம் உள்ளவர்களைப் பொறுக்கியெடுத்து, அவர்களைக் கொண்டே மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். காசு கொடுத்து உரிமம் வாங்கும் மென்பொருளை ஒதுக்கிவிட்டு, யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக் கொள்ளக்கூடிய லினக்ஸ் மென்பொருளைப் பள்ளிகளில் வைத்தார்கள். 2017-இல் அந்தத் திட்டமே கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. 8 முதல் 12 வரையுள்ள 45,000 வகுப்பறைகள் ஹைடெக் ஆயின. 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்று மாணவர்களையே குழுவாக்கி, பள்ளிக் கருவிகளைப் பராமரிக்கும் பொறுப்பையும் கற்றுக் கொடுத்தார்கள். 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் அடைத்துக் கிடந்தபோது, ஜூன் 1-ஆம் தேதியே விக்டர்ஸ் சேனலில் வகுப்பு தொடங்கிவிட்டது.

அங்கே எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறுக்க முடியாது. அவர்கள் ஆசிரியரை முன்னால் நிறுத்தினார்கள். பெட்டி பின்னால் வந்தது. நாம் பெட்டியை முன்னால் நிறுத்தினோம். ஆசிரியர் அதற்குக் காவல்காரர் ஆனார்!

இது கிராமப்புறம், இங்கே என்ன செய்ய முடியும் என்று சிலர் கையை விரிப்பார்கள். தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் இருந்துகொண்டு ஸோஹோ நிறுவனம் உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறது. 2011 முதல் அங்கே அலுவலகம் நடக்கிறது. மத்தளம்பாறையிலிருந்து உலகத்துக்குப் போகலாமாம், பக்கத்து ஊர் வகுப்பறைக்கு மட்டும் வர முடியாதாம். யாரை ஏமாற்றுகிறோம்?

இனாமாகக் கிடப்பதை விலைக்கு வாங்குகிறோம்

இன்னொரு பக்கம் வியாபாரிகள். துபாயிலும் சவூதியிலும் வெயிலில் வெந்து அனுப்பும் பணம் இங்கே எதற்குப் போகிறது? பிள்ளைக்கு ஆப்பில் பாடம் என்று ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள். டேப்லெட் வீட்டுக்கு வருகிறது. இரண்டு மாதம் பாடம், பிறகு விளையாட்டு! இந்தத் துறையில் கொடிகட்டிப் பறந்த பைஜூஸ் நிறுவனத்தை 2022-இல் 2,200 கோடி டாலர் பெறுமானம் என்றார்கள். 2024 ஜூலையில் அது திவால் நடவடிக்கையில் நின்றது. இந்த வியாபாரம் எதை நம்பி நடக்கிறது என்பது புரிய இது போதும்.

விலைக்கு விற்றதில் பெரும்பகுதி இனாமாகவே கிடக்கிறது என்பதுதான் வேதனை. பெற்றோருக்குத் தெரியவில்லை. ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

ஆசிரியப் பெருமக்களே, நாளைக்கே தொடங்கலாம்

ஒன்று: பாடநூலில் உள்ள கியூஆர் கோடை தீக்ஷா செயலியில் காட்டுங்கள். அந்தப் பாடத்துக்குரிய படமும் பயிற்சியும் வரும். வகுப்பில் நின்றுகொண்டு சிக்னலைத் தேடாதீர்கள். முந்தின நாள் வீட்டில் வைத்தே இறக்கிக் கொள்ளுங்கள். இறக்கியதை இணையம் இல்லாமலே பக்கத்து ஆசிரியரின் போனுக்கும் மாற்றிக் கொடுக்கலாம். 6 முதல் 12 வரை எடுப்பவர்கள் மணற்கேணியையும் பாருங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பாடக் காட்சிகள் இருக்கின்றன.

இரண்டு: அறிவியல் ஆசிரியர்களுக்கு ‘ஃபெட்’ என்று ஒரு புதையல் இருக்கிறது. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கி வைத்தது. பேட்டரி, பல்பு, வயரைத் திரையிலேயே இணைத்து மின்சுற்று அமைக்கலாம். தவறாக இணைத்தால் தீப்பிடிப்பதையும் பார்க்கலாம். யாருக்கும் ஷாக் அடிக்காது! பல பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் தேவையில்லை. கணக்கு ஆசிரியர்களுக்கு ‘ஜியோஜீப்ரா’ இருக்கிறது. வட்டமும் முக்கோணமும் கையோடு நகர்ந்து காட்டும். ஆய்வுக்கூடமே இல்லாத பள்ளியா? அரவிந்த் குப்தா குப்பையில் கிடக்கும் பொருளை வைத்து அறிவியல் பொம்மை செய்யும் படங்களைத் தமிழிலும் பார்க்கலாம். ஒரு உறிஞ்சு குழலும் பழைய பாட்டிலும் இருந்தால் பாடம் நடக்கும்.

மூன்று: ஊரையே பாடமாக்குங்கள். ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது, அதே நாளில் சங்கரன்கோவிலில் காற்று மட்டும்தான் வீசுகிறது. ஏன்? இஸ்ரோவின் புவன் வரைபடத்தைத் திறந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் காட்டுங்கள். ஆரியங்காவுப் பக்கம் மலை தாழ்ந்திருப்பதையும், தென்மேற்குக் காற்று அந்த வழியே நுழைவதையும், உள்ளே போகப் போக மழை மறைவுப் பகுதி ஆவதையும் பிள்ளைகளே சொல்லி விடுவார்கள். சிற்றாற்றைக் குற்றாலத்திலிருந்து விரலால் தொடர்ந்து போகச் சொல்லுங்கள். சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் போய்ச் சேரும். இந்தப் பாடத்தைப் பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது. சாரல் காலத்தில் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் ஸ்பீக்கர் கேட்காது. படத்தை மட்டும் ஓட்டிவிட்டு நீங்களே பேசுங்கள். உங்கள் குரலுக்கு மிஞ்சிய ஸ்பீக்கர் எது?

நான்கு: இணையமே எட்டாத பள்ளிக்கு ‘கிவிக்ஸ்’ என்ற செயலி இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு மெமரி கார்டில் அடைத்துக் கொண்டு போகலாம். தமிழாசிரியர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998 முதல் இலக்கியங்களை இனாமாக வலையேற்றி வரும் மதுரைத் திட்டமும் இருக்கின்றன. வினாத்தாள் அடிக்க டைப் தெரியவில்லை என்ற கவலையும் வேண்டாம். போனிலேயே தமிழில் பேசினால் எழுத்தாகி விடுகிறது.

ஐந்து: 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் இயந்திரம் எல்லோர் கையிலும் இருக்கிறது. பாடக் குறிப்புக்கும் பயிற்சிக் கேள்விக்கும் அது உதவும். ஆனால் நம்பும் முன் சோதியுங்கள். குற்றாலக் குறவஞ்சி பாடியவர் யார், எந்த ஊர்க்காரர் என்று முதலில் கேளுங்கள். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் என்று ஒழுங்காகச் சொல்கிறதா, வாய்க்கு வந்ததை அளக்கிறதா பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த விஷயத்தில் தடுமாறுகிற இயந்திரம், தெரியாத விஷயத்தில் மட்டும் உண்மையா பேசப் போகிறது?

ஆறு: வகுப்பில் பிள்ளைகளைப் படம் பிடித்து யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் போடும் பழக்கத்தை விடுங்கள். பாடம் சொல்ல முடியாமல் திணறும் பிள்ளையின் முகம் ஊரெல்லாம் சுற்றுவது என்ன நியாயம்? 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023-இல் சட்டமே வந்திருக்கிறது.

போனே வேண்டாம் என்பவர்களுக்கு

“செல்போனால்தான் பிள்ளைகள் கெட்டுப் போகின்றன, இதில் பாடம் வேறா?” என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. தொழில்நுட்பம் ஆசிரியருக்குத் துணையாக இருக்க வேண்டும், ஆசிரியரின் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்றுதான் 2023-இல் யுனெஸ்கோ அறிக்கையும் சொன்னது. நாம் பிள்ளையின் கையில் போனைக் கொடுக்கச் சொல்லவில்லை. ஆசிரியரின் கையில் இருக்கும் போனைப் பாடத்துக்குத் திருப்பச் சொல்கிறோம். ஒரு போன், ஒரு புரொஜக்டர், ஒரு வெள்ளைச் சுவர். நாற்பது பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பத்து நிமிடம் பார்க்கட்டும். மீதி நேரம் கரும்பலகையும் கேள்வியும் பதிலுமாகப் போகட்டும். வீட்டு மூலையில் ஒரு பிள்ளை தனியே திரையை வெறிப்பதும் இதுவும் ஒன்றா?

இனி நாம் செய்ய வேண்டியது

ஜமாஅத் நிர்வாகிகளே, வசதி படைத்தவர்களே! அடுத்த முறை பள்ளிக்கு எதையாவது கொடுக்க நினைத்தால் முதலில் தலைமை ஆசிரியரிடம் போய், “உங்களுக்கு என்ன தேவை?” என்று கேளுங்கள். ஐந்து கம்ப்யூட்டருக்குப் பதில் ஒரு புரொஜக்டரும், மின்சாரம் போனால் தாங்க ஒரு இன்வெர்ட்டரும், மாதாமாதம் இணையக் கட்டணமும் போதும் என்று அவர் சொல்லலாம். அதைச் செய்யுங்கள். எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் படிக்கும் அரசுப் பள்ளிக்கும் செய்யுங்கள்.

படித்த இளைஞர்களே! கம்ப்யூட்டர் தெரிந்த நீங்கள் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். ஊரில் உள்ள ஆசிரியர்களை, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்று பார்க்காமல் அழையுங்கள். மேலே சொன்னவற்றை அவரவர் போனிலேயே இறக்கிக் கொடுங்கள். பாடம் நடத்தும் வித்தை அவர்களுக்குத் தெரியும். பட்டனை அழுத்தும் வித்தையை மட்டும் நீங்கள் சொல்லிக் கொடுத்தால் போதும்.

பெற்றோர்களே! பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அந்தக் குழுவில் பெற்றோருக்குத்தான் பெரும்பான்மை இடம் என்று கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அங்கே இரண்டு கேள்வி கேளுங்கள்: திறன்மிகு வகுப்பறையில் இந்த மாதம் எத்தனை பாடம் நடந்தது? ஆசிரியரின் நேரத்தில் எவ்வளவு பதிவு வேலைக்குப் போகிறது? இரண்டுக்கும் பதிலை எழுதி வாங்கித் தீர்மானமாக்கி மேலே அனுப்புங்கள்.

ஆசிரியரின் நேரத்தைத் திருடிக்கொண்டு ஆயிரம் கருவி கொடுத்தாலும் அது விழலுக்கு இறைத்த நீர்தான். அவர் நேரத்தை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அவர் கையில் இருக்கும் ஒரு போனே வகுப்பறைக்குப் போதும்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் எந்தத் தேதி என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக் காலையே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்!